எச்சரிக்கை விளக்கு எரியவில்லை, ஆனால் நின்ற இடத்தில் வண்டி குலுங்குகிறது: பிக்கப் வைத்திருப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் மூட்டைகளை இறக்கிவிட்டு, கணக்கு முடியும் வரை இன்ஜினை அணைக்காமல் நிறுத்தியிருக்கும் நேரத்தில்தான் பெரும்பாலான ஓட்டுநர்களுக்கு இந்தச் சந்தேகம் வருகிறது. ஓடும்போது ஒரு குறையும் தெரியாத வண்டி, நின்றவுடன் ஸ்டீயரிங் நடுங்க, பக்கக் கண்ணாடி ஆட, கியர் கம்பி தானாகத் தாளம் போடத் தொடங்கிவிடும். மீட்டரைப் பார்த்தால் ஒரு விளக்கும் எரியாது. மதுரை வட்டாரத்தில் பிக்கப் ஓட்டுபவர்கள் எங்கள் பட்டறையில் இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பவற்றையும் அவற்றுக்கு நாங்கள் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறோம். இங்கு ஓடும் பிக்கப்களில் பெரும்பாலானவை டீசல் என்பதால் டீசலைப் பற்றி அதிகமாகவும், பெட்ரோல், சிஎன்ஜி வண்டிகளைப் பற்றித் தேவையான அளவும் பேசியிருக்கிறோம்.

மீட்டரில் விளக்கு எரியாதபோது கோளாறு இருக்கிறது என்று எப்படிச் சொல்ல முடியும்?

விளக்கை எரியவைப்பது ஈசியு என்னும் கட்டுப்பாட்டுப் பெட்டி. அதற்குச் சென்சார்கள் சொல்வது மட்டுமே தெரியும். இன்ஜினைச் சட்டத்தின் மேல் தாங்கி நிற்கும் மவுண்டிங் ரப்பர் கிழிந்தால் அதைச் சொல்ல எந்தச் சென்சாரும் இல்லை. டீசல் குழாயில் ஒரு கிளிப் தளர்ந்து காற்று இழுப்பதையும், எரிபொருளைச் சிலிண்டருக்குள் பீச்சும் இன்ஜெக்டருக்கு அடியில் இருக்கும் செம்பு வாஷர் கசிவதையும் நேரடியாக அறியும் வழி அதற்கு இல்லை.

சென்சார் இருக்கும் இடங்களிலும், அளவு கொஞ்சம் பிசகியவுடன் விளக்கு எரிந்துவிடுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை வகுத்திருப்பார்கள். அந்த எல்லையைத் தாண்டினால்தான் குறை பதிவாகும். பல குறைகள் அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களிலும் தென்பட்டால் மட்டுமே விளக்கு எரியும். முதல் முறை கண்டது நிலுவைக் குறியீடாக உள்ளேயே கிடக்கும். ஆகவே எல்லைக்குச் சற்று உள்ளே நிற்கும் கோளாறு மாதக்கணக்கில் வண்டியை ஆட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் அமைதியாகத்தான் இருக்கும். இயந்திர வகைப் பம்ப் பொருத்திய பழைய டீசல் வண்டிகளில் இதையெல்லாம் கண்காணிக்கும் பெட்டியே கிடையாது.

என் வண்டியில் அந்த விளக்கு வேலை செய்கிறதா என்பதை எப்படிப் பார்ப்பது?

சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் மீட்டரைக் கவனியுங்கள். இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிய வேண்டும். ஸ்டார்ட் ஆன பிறகு அணைய வேண்டும். சாவி போட்டபோதே எரியவில்லை என்றால், விளக்கு எரியாததை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

பழைய வண்டி வாங்கியவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒருவர் கைமாறி வாங்கிய வண்டியைக் கொண்டுவந்தார். ஏழெட்டு மாதமாகக் குலுங்குகிறது, விளக்கு ஒரு நாளும் எரிந்ததில்லை என்றார். மீட்டரைக் கழற்றிப் பார்த்தால், அந்த ஒரு விளக்கின் மேல் மட்டும் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சதுரமாக வெட்டி, ஓரம் பிசிறில்லாமல் ஒட்டியிருந்தார்கள். ஒட்டியவருக்கு நல்ல கைத்திறன். டேப்பை உரித்தவுடன் விளக்கு எரிந்தது. ஈசியுவில் பதிவானதைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினால் மூன்று குறைக் குறியீடுகள் வரிசையாக வந்தன.

எவ்வளவு குலுக்கல் இயல்பானது?

அது சிலிண்டர்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. 2005-இல் வந்த டாடா ஏஸ் டீசலில் இருப்பது இரண்டு சிலிண்டர்; 2011-இல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்தில் மூன்று; பொலேரோ பிக்கப்பில் நான்கு. இரண்டு சிலிண்டர் இன்ஜின் நிற்கும்போது ஆடுவது அதன் பிறவிக் குணம். நான்கு சிலிண்டர் வண்டி அதே அளவுக்கு ஆடினால் அது நோய். எனவே பக்கத்து வீட்டு வண்டியோடு ஒப்பிடும் முன், இரண்டும் ஒரே வகை இன்ஜின்தானா என்று பார்க்க வேண்டும். அதைவிட நல்லது, உங்கள் வண்டியை அது ஆறு மாதத்துக்கு முன் இருந்த நிலையோடு ஒப்பிடுவது.

ஐடிலிங் வேகத்தையும், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல் நிற்கும்போது இன்ஜின் சுற்றும் வேகத்தையும் பாருங்கள். சிறிய டீசல் இன்ஜின்கள் பெரும்பாலும் 750 முதல் 900 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) வரை நிற்கும். சரியான அளவு உங்கள் வண்டிக் கையேட்டில் இருக்கும். அதிலிருந்து 100 குறைந்தாலே நல்ல இன்ஜினும் குலுங்கும். வேகத்தைக் கூட்டிவைத்தால் குலுக்கல் மறைந்துவிடும் என்பதால் பழைய வண்டிகளில் திருகைத் திருப்பிவிடுவது பலருடைய வழக்கம். அப்படிச் செய்தால் காரணம் உள்ளே அப்படியே இருக்கும். அதைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினமாகும்.

பட்டறைக்கு வரும் முன் நான் என்ன கவனித்துச் சொல்ல வேண்டும்?

குலுக்கல் எப்போது வருகிறது என்பதுதான் எங்களுக்கு வேண்டிய முதல் செய்தி. காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் வருகிறதா, சூடான பிறகு வருகிறதா, இரண்டிலுமா? ஏசி போட்டால் கூடுகிறதா? கிளட்ச்சை மிதித்தால் மாறுகிறதா? கடைசியாக எண்ணெய் (டீசலோ பெட்ரோலோ) நிரப்பிய பிறகு தொடங்கியதா, அல்லது ஏதாவது வேலை பார்த்த பிறகா? மழையில் ஓட்டிய மறுநாளா? இவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ள ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடத்தைச் செலவிடாமல் ஃபில்டர், இன்ஜெக்டர், பம்ப் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்துக் கடைசியில் எங்களிடம் வந்த வண்டிகள் அதிகம்.

புகையின் நிறத்தையும் பார்த்துச் சொல்லுங்கள். கறுப்புப் புகை என்றால் எண்ணெய்க்குத் தக்க காற்று கிடைக்கவில்லை, அல்லது எண்ணெய் அளவுக்கு மேல் இறங்குகிறது. மூக்கை எரிக்கும் வெள்ளைப் புகை என்றால் டீசல் எரியாமல் வெளியேறுகிறது. இனிப்பு வாடையுள்ள வெள்ளைப் புகை தொடர்ந்து வந்தால் கூலண்ட் உள்ளே போகிறது என்று சந்தேகிக்க வேண்டும். நீலம் கலந்த புகை இன்ஜின் ஆயில் எரிவதைக் காட்டும்.

குலுக்கலை வைத்தே காரணத்தை ஊகிக்க முடியுமா?

ஓரளவுக்கு முடியும். இந்த ஒன்றை மட்டும் ஓட்டுநர்கள் பழகிக்கொண்டால் பட்டறைச் செலவில் பாதி குறையும் என்பது என் எண்ணம்.

நான்கு சிலிண்டர் இன்ஜின் 800 ஆர்பிஎம்மில் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை எரியும். அதாவது நிமிடத்துக்கு 400 முறை, நொடிக்கு ஏறக்குறைய 7 முறை. நான்கும் சேர்ந்தால் நொடிக்கு 27 எரிதல்கள். 27 அடிகளைக் கை தனித்தனியாகப் பிரித்து உணராது. அது ஒரு ரீங்காரமாகத்தான் தெரியும். நான்கில் ஒன்று மட்டும் பலவீனமாக இருந்தால், அந்த ரீங்காரத்தின் நடுவே நொடிக்கு ஏழு முறை ஓர் இடறல் விழும். இருக்கையில் உட்கார்ந்தால் முதுகிலும், சைலன்சர் வாயருகே உள்ளங்கையை நீட்டினால் புகை வந்து மோதும் விதத்திலும் அந்த இடறல் சீரான தாளத்தோடு தெரியும். சூடான குழாயைத் தொட்டுவிடாதீர்கள்.

இடறல் இந்தத் தாளத்தோடு விடாமல் வந்தால் கோளாறு ஒரு குறிப்பிட்ட சிலிண்டரில் இருக்கிறது: அதன் இன்ஜெக்டர், அதன் பிளக், அதன் வால்வு அல்லது அதன் கம்ப்ரஷன் (உள்ளே காற்றை அழுத்தும் திறன்). தாளமே இல்லாமல், சற்று நேரம் நன்றாக நின்று, திடீரென்று இரண்டு உதறல், மறுபடி அமைதி என்று வந்தால் எல்லாச் சிலிண்டருக்கும் பொதுவான ஒன்றைத் தேட வேண்டும்: எண்ணெயில் காற்று, தண்ணீர், அடைத்த ஃபில்டர், காற்றுக் குழாயில் கசிவு, தளர்ந்த எர்த் ஒயர். ஆர்பிஎம் முள் ஏறி இறங்கி ஊஞ்சலாடினாலும் இந்த வரிசையில்தான் தேட வேண்டும். முள் அசையாமல் நிற்க, சைலன்சர் ஓசையும் சீராக இருக்க, கேபின் மட்டும் அதிர்ந்தால் இன்ஜினைக் கழற்ற வேண்டாம், மவுண்டிங்கைப் பாருங்கள்.

மவுண்டிங் ரப்பரை நானே பார்க்க முடியுமா?

முடியும். இன்னொருவர் துணை வேண்டும். ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து, பானெட் திறந்த நிலையில் ஒருவர் லேசாக ரேஸ் கொடுக்க, மற்றவர் எட்டி நின்று இன்ஜினைக் கவனிக்க வேண்டும். விரல் அகலத்துக்கு அசைவது சாதாரணம். ஒரு பக்கம் மட்டும் துள்ளி எழுந்து தட்டென்று உட்கார்ந்தால் அந்தப் பக்க ரப்பர் போய்விட்டது. இன்ஜினை அணைத்த பிறகு டார்ச் அடித்துப் பார்த்தால், நல்ல ரப்பர் ஒரே கட்டியாக மங்கிய கறுப்பில் இருக்கும். போனது இரும்புத் தகட்டிலிருந்து பிரிந்து, இடைவெளியில் உரசலால் வந்த கறுப்புத் தூள் படிந்திருக்கும். ஆயில் கசியும் இன்ஜினில் ரப்பர் ஊறி உப்பி, நகத்தால் அழுத்தினால் பிசுபிசுப்பாக உள்வாங்கும்.

கியர் பாக்ஸைத் தாங்கும் மவுண்டிங்கைப் பலர் மறந்துவிடுகிறார்கள். முன்பக்கம் இரண்டையும் மாற்றியும் அதிர்வு போகவில்லை என்று வருபவர்களில் பலருக்குக் குறை அங்கேதான். சைலன்சர் தொங்கும் ரப்பர் அறுந்து குழாய் சட்டத்தில் முட்டினாலும் இதே அதிர்வு கேபினுக்கு ஏறும். குனிந்து பார்த்தாலே அது தெரிந்துவிடும்.

டீசல் வண்டியில் முதலில் எதைச் சந்தேகிக்க வேண்டும்?

எண்ணெய் வரும் பாதையை. டாங்கிலிருந்து பம்ப் வரையிலான பகுதியில் பம்ப் டீசலை உறிஞ்சி இழுக்கிறது. அந்தப் பாதையில் எங்காவது சிறு ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டாது. காற்று உள்ளே போகும். தரையில் ஒரு சொட்டுக்கூட இல்லையே என்று ஓட்டுநர் சொல்வது உண்மையாக இருக்கும், கசிவு இருப்பதும் உண்மையாக இருக்கும். இரவெல்லாம் நின்ற வண்டியில் அந்த ஓட்டை வழியாகக் காற்று ஏறி, டீசல் டாங்குக்கே இறங்கிவிடும் என்பதால் காலையில் செல்ஃப் நெடுநேரம் அடிக்க வேண்டியிருக்கும். நீண்ட செல்ஃபும் தாளமில்லாத உதறலும் சேர்ந்து வந்தால் காற்று பிடிப்பதைத்தான் முதலில் நினைக்க வேண்டும்.

சோழவந்தானிலிருந்து தேங்காய் ஏற்றும் ஒரு வண்டி இப்படி வந்தது. அதற்குள் இரண்டு முறை டீசல் ஃபில்டர் மாற்றியிருந்தார்கள். நான்கு இன்ஜெக்டரையும் மாற்ற வேண்டும் என்று வேறோர் இடத்தில் சொல்லியிருந்தார்கள். ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே ஓர் அடி நீளத்துக்குக் கண்ணாடி போன்ற தெளிந்த குழாயைப் பொருத்தி ஸ்டார்ட் செய்தோம். முதலில் இளமஞ்சள் டீசல் தெளிவாக ஓடியது. ஒரு நிமிடம் கழிந்ததும், கடுகு அளவுக் குமிழ்கள் வரிசையாக, ஒன்றையொன்று துரத்துவதுபோல் குழாயின் மேல்பக்கத்தை ஒட்டி வரத் தொடங்கின. அவற்றில் சில சேர்ந்து பெரிய குமிழாகிப் பம்புக்குள் நுழையும்போதெல்லாம் இன்ஜின் ஒருமுறை உதறியது. ஃபில்டர் மூடியைக் கழற்றினால், உள்ளே இருந்த ரப்பர் வளையம் ஓரிடத்தில் மடங்கி நசுங்கியிருந்தது. புது ஃபில்டரோடு வந்த வளையத்துக்கு டீசல் தடவாமல் உலர்ந்தபடியே இறுக்கியிருக்கிறார்கள். வளையத்தை மாற்றி, கையால் அழுத்தி டீசலை ஏற்றும் பிரைமரை அது கெட்டியாகும் வரை அழுத்திக் காற்றை வெளியேற்றியதோடு வேலை முடிந்தது. இன்ஜெக்டர்களைத் தொடவே இல்லை.

அடுத்தது தண்ணீர். தோட்டத்து மோட்டாருக்கென்று கேனில் வாங்கிவைத்த டீசலை அவசரத்துக்கு வண்டியில் ஊற்றுவதும், ஐப்பசி மழைக் காலத்தில் டாங்கை எப்போதும் கால்வாசியிலேயே வைத்து ஓட்டுவதும் தண்ணீர் சேர்வதற்கு வழி. ஃபில்டரின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் பிடித்து, பத்து நிமிடம் அசைக்காமல் வையுங்கள். தண்ணீர் டீசலைவிடக் கனமானது என்பதால் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். சில வண்டிகளில் ஃபில்டரில் தண்ணீர் சென்சார் உண்டு. அதற்கும் குறிப்பிட்ட அளவு சேர்ந்த பிறகுதான் விளக்கு எரியும்.

இன்ஜெக்டர் குறையை எப்படி உறுதி செய்வது?

முதலில் ஒரு எச்சரிக்கை. பழைய இயந்திரப் பம்ப் வண்டிகளில், ஓடும்போதே ஒவ்வொரு நாசில் குழாயின் நட்டையும் தளர்த்தி, எதைத் தளர்த்தினால் ஓசை மாறவில்லையோ அந்தச் சிலிண்டர்தான் மிஸ்ஸிங் என்று கண்டுபிடிப்பார்கள். எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான ஒரே குழாயில் டீசலை மிகுந்த அழுத்தத்தில் தேக்கிவைக்கும் காமன் ரெயில் வண்டியில் இதை ஒருபோதும் செய்யக்கூடாது. உங்கள் டயரில் இருப்பது நான்கு பார் அளவு அழுத்தம். காமன் ரெயிலில் ஐடிலிங்கிலேயே 250 பாருக்கு மேல் இருக்கும், சுமையோடு ஓடும்போது 1,600 பாரையும் எட்டும். அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்திய அளவே புண் தெரியும், உள்ளே தசை அழுகும்; சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலை இழக்க நேரும். கசிவைத் தேடுவதற்குக்கூடக் கையை நீட்டாமல் ஓர் அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள்.

காமன் ரெயிலுக்கு உரிய சோதனை ரிட்டர்ன் அளவைப் பார்ப்பது. ஒவ்வொரு இன்ஜெக்டரும் தனக்கு வந்த டீசலில் சிறிதளவைத் திருப்பி அனுப்பும். சூடான இன்ஜினில், அந்த ரிட்டர்ன் குழாய்களைக் கழற்றி, நான்கிலும் தனித்தனிக் குழாய் பொருத்தி, ஒரே அளவான நான்கு பாட்டில்களில் இரண்டு மூன்று நிமிடம் பிடிக்க வேண்டும். மூன்று பாட்டில்கள் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்க, ஒன்று மட்டும் இரண்டு மடங்குக்கு ஏறியிருந்தால் அந்த இன்ஜெக்டர் உள்ளே தேய்ந்துவிட்டது. இதைச் செய்துகாட்டாமல் நான்கையும் மாற்றச் சொல்பவரிடம், பாட்டிலைக் காட்டுங்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. புது இன்ஜெக்டர் போட்டால் அதன் உடலில் பொறித்திருக்கும் குறியீட்டை ஸ்கேனர் வழியாக ஈசியுவில் பதிய வேண்டும். பதியாமல் விட்டால் புதிய இன்ஜெக்டரோடும் குலுக்கல் தொடரலாம்.

செம்பு வாஷர் கசிந்தால் அறிகுறி வேறு. இன்ஜெக்டரின் கழுத்தைச் சுற்றித் தார் போல் கறுப்பாக உருகி இறுகிய கரி படிந்திருக்கும்; ஸ்டார்ட் செய்தவுடன் பழைய ரயில் இன்ஜின் போல ‘சுக் சுக்’ என்ற ஓசை வரும். அதைச் சீக்கிரம் சரிசெய்யாவிட்டால் இன்ஜெக்டர் கரியில் இறுகிப்போய், கழற்றுவதே பெரிய வேலையாகிவிடும்.

காற்றுப் பாதையில் என்ன வரும்?

மேலூர்ப் பக்கக் கல் குவாரிகளுக்கும் செங்கல் சூளைகளுக்கும் போய்வரும் வண்டிகளுக்குக் கையேட்டில் சொன்ன இடைவெளி போதாது. ஏர் ஃபில்டரைப் பாதித் தூரத்திலேயே கழற்றிப் பார்க்க வேண்டும். ஆனால் ஏர் ஃபில்டர் அடைத்தால் இழுவைக் குறைவும் கறுப்புப் புகையும்தான் முதலில் தெரியும். ஐடிலிங் குலுக்கல் அதனால் மட்டும் வருவது அரிது.

ஈஜிஆர் வால்வு வேறு கதை. எரிந்த புகையில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் இந்த வால்வு, கரி படிந்து முழுதாக மூடாமல் நின்றுவிட்டால், ஐடிலிங்கில் புதுக்காற்றின் அளவு குறைந்து இன்ஜின் தடுமாறும். ரேஸ் கொடுத்தால் சரியாகிவிடும். நெரிசலில் மெதுவாகவே ஓடும் நகர வண்டிகளில் இது அதிகம். கழற்றிச் சுத்தம் செய்தால் பெரும்பாலும் சரியாகும். தகடு வைத்து அடைத்துவிடலாம் என்று யோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் அதைச் செய்வதில்லை. 2020 ஏப்ரல் முதல் வந்த பிஎஸ்-6 புகை விதிக்கு உட்பட்ட வண்டிகளில் புகைக் கட்டுப்பாடு முழுவதும் ஒன்றோடொன்று பின்னியது. ஓரிடத்தில் அடைத்தால் வேறோரிடத்தில் தொல்லை கிளம்பும், அது சட்டத்துக்கும் புறம்பானது.

புகையிலுள்ள கரியைப் பிடித்துவைக்கும் டிபிஎஃப் வடிகட்டி உள்ள வண்டிகளில், தேங்கிய கரியை எரிக்கும் நேரத்தில் ஐடிலிங் வேகம் கூடி ஓசை மாறுவது இயல்பு. சில நிமிடங்களில் அடங்கிவிட்டால் அதைக் கோளாறாக எண்ண வேண்டாம்.

பெட்ரோல், சிஎன்ஜி வண்டிகளுக்கு?

தாளத்தோடு இடறினால் பிளக்கையும், அதற்கு மின்சாரம் தரும் காயிலையும் பாருங்கள். சந்தேகப்படும் சிலிண்டரின் காயிலை அடுத்த சிலிண்டருக்கு மாற்றிப் பொருத்தி, இடறலும் கூடவே இடம் மாறுகிறதா என்று பார்ப்பது செலவில்லாத சோதனை. தாளமில்லாமல் உதறினால் உள்ளே போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் திராட்டில் பாடியின் தகட்டு ஓரத்தில் படிந்த கறுப்பு அழுக்கையும், அதற்குப் பின்னால் உள்ள ரப்பர் குழாய்களில் வெடிப்பையும் தேடுங்கள். அக்கினி நட்சத்திரத்தின்போது பானெட்டுக்குள் வேகும் ரப்பர், இரண்டு மூன்று கோடைகளில் முறுக்கினால் வெடிக்கும் நிலைக்கு வந்துவிடும். குழாய் இணைப்புகளின் மேல் மட்டும் தண்ணீரை மெல்லிய சாரலாகத் தெளித்து, ஓசை மாறும் இடத்தைக் கவனித்தால் கசிவு அகப்படும். மின் இணைப்புகளில் தண்ணீர் படக்கூடாது. ஊதுபத்திப் புகை எங்கே உறிஞ்சப்படுகிறது என்று பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. பெட்ரோல் ஆவி இருக்கும் இடத்தில் நெருப்புக் கங்கைக் கொண்டுபோகும் அந்த வேலை வேண்டவே வேண்டாம்.

சிஎன்ஜி வண்டியை இரண்டு எரிபொருளிலும் ஓட்டிப் பாருங்கள். சிஎன்ஜியில் மட்டும் குலுங்கினால் அந்தப் பக்கத்து ரெகுலேட்டர், ஃபில்டர், இன்ஜெக்டர் ஆகியவற்றையும், பிளக் இடைவெளியையும் பார்க்க வேண்டும். பெட்ரோலுக்குப் போதுமான பிளக் சிஎன்ஜிக்குப் போதாமல் போவது உண்டு. இரண்டிலும் குலுங்கினால் வால்வுகளின் டாப்பெட் இடைவெளியை அளக்கச் சொல்லுங்கள்.

ஏசி போட்டால் மட்டும், அல்லது கிளட்ச் மிதித்தால் மட்டும் மாறுகிறதே?

ஏசி கம்ப்ரசர் இன்ஜினுக்கு ஒரு சுமை. அதைத் தாங்க ஈசியு வேகத்தைச் சற்றுக் கூட்ட வேண்டும். கூட்ட முடியாமல் தடுமாறினால் அழுக்கடைந்த திராட்டில், பலவீனமான பாட்டரி, ஆல்டர்னேட்டர் ஆகியவற்றைப் பாருங்கள். இன்ஜின் ஓடும்போது பாட்டரி முனைகளில் ஏறக்குறைய 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்க வேண்டும். கிளட்ச்சை மிதித்தவுடன் அதிர்வு மறைந்தால் குறை இன்ஜினில் இல்லை. கிளட்ச் பிளேட், ஃப்ளைவீல் பக்கம் தேட வேண்டும்.

விளக்கே எரியாதபோது ஸ்கேனர் எதற்கு?

குறியீடு இல்லாவிட்டாலும் ஓடும் நேர அளவுகளை அது காட்டும். அதுதான் உண்மையான பயன். டீசலில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஈசியு எவ்வளவு எண்ணெயைக் கூட்டிக் குறைத்துச் சமன் செய்கிறது என்பதைப் பார்க்கலாம். மூன்று சிலிண்டர்கள் பூச்சியத்தை ஒட்டி நிற்க, ஒன்று மட்டும் விலகியிருந்தால் தேட வேண்டிய இடம் தெரிந்துவிடும். பெட்ரோலில் எரிபொருள் திருத்தத்தை, அதாவது ஈசியு எரிபொருளை எத்தனை சதவீதம் கூட்டிக் குறைக்கிறது என்பதைப் பாருங்கள். பூச்சியத்தை ஒட்டி இருப்பது நலம். 10 சதவீதத்தைத் தாண்டினால் குறை இருக்கிறது. விளக்கோ பெரும்பாலும் 20, 25 சதவீதம் வரை பொறுத்துக்கொள்ளும். ஐடிலிங்கில் 15 சதவீதம் கூடுதலாக இருந்து, 2,500 ஆர்பிஎம்மில் இயல்புக்கு இறங்கினால் காற்றுக் கசிவு. மாறாக, வேகமும் சுமையும் ஏற ஏறத் திருத்தமும் ஏறினால் எண்ணெய் போதவில்லை. பம்பையும் ஃபில்டரையும் பாருங்கள்.

வண்டியைக் கொண்டுவரும் முன் பாட்டரியைக் கழற்றி மாட்டாதீர்கள். நிலுவைக் குறியீடுகளும் பழகிய திருத்தங்களும் அதோடு அழிந்துவிடும்.

எப்போது கம்ப்ரஷன் பார்க்க வேண்டும்?

இடறல் ஒரு சிலிண்டரில் நிலைத்து நிற்க, இன்ஜெக்டரோ பிளக்கோ நன்றாக இருப்பது உறுதியான பிறகு. சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் பத்து சதவீதத்துக்குள் இருக்கலாம். ஒன்று மட்டும் தெளிவாகக் குறைந்தால் வால்வு, ரிங், ஹெட் கேஸ்கெட் என்று செலவு பெரிதாகும். அதனால்தான் இதைக் கடைசியில் வைக்கிறோம். கூலண்ட் காரணம் தெரியாமல் குறைந்துகொண்டே வந்தால் மட்டும் இதை முதலுக்குக் கொண்டுவர வேண்டும்.

குலுக்கலோடு வண்டியை ஓட்டலாமா?

மவுண்டிங் குறை என்றால் சில நாள் ஓட்டலாம். டீசலில் தண்ணீர் என்றால் ஒரு நடைகூட வேண்டாம். காமன் ரெயில் பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் டீசலே மசகு, தண்ணீர் அவற்றை அரித்துவிடும். பெட்ரோலில் ஒரு சிலிண்டர் எரியாமல் ஓடினால், எரியாத பெட்ரோல் சைலன்சர் பாதையில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அங்கே எரிந்து, அதை உருக்கிவிடும். ஆண்டிபட்டிக் கணவாய் போன்ற ஏற்றத்தில் சுமையோடு அப்படிப் போவது இன்னும் கெடுதல்.

வேலை முடிந்த பிறகு சரியாகிவிட்டதை எப்படி உறுதி செய்வது?

பட்டறையில் சூடான இன்ஜினைக் கேட்டுவிட்டுத் திருப்தியோடு போய்விட வேண்டாம். மறுநாள் விடியற்காலை, இரவெல்லாம் நின்ற வண்டியை, ஆக்சிலேட்டரில் கால் வைக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். டாஷ்போர்டின் மேல் முக்கால் டம்ளர் தண்ணீர் வைத்து, ஏசி இல்லாமல் ஒரு நிமிடமும், ஏசியோடு ஒரு நிமிடமும் பாருங்கள். நீரின் மேல் நுண்ணிய அலைகள் வட்டவட்டமாக நிற்பது இயல்பு. ஓரத்தில் தளும்பித் தளும்பி ஏறினால், அந்த டம்ளரை ஒரு சிறு வீடியோவாக எடுத்துக்கொண்டு அன்றைக்கே திரும்பி வாருங்கள்.